வீட்டு கரண்டில் லேத் ஓடுமா?

ஐ.டி.ஐ. முடித்து, சில வருடம் பட்டறையில் வேலை பார்த்த ஒருவர் சொந்தத் தொழில் தொடங்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இடம், திருவண்ணாமலையில் அவர் வீட்டுக்குப் பின்னால் உள்ள ஷீட் கொட்டகை. பழைய லேத் ஒன்று சல்லிசாக வருகிறது. மனைவியின் நகையை அடகு வைத்து வாங்கியும் விடுகிறார். அதன் 2 ஹெச்.பி. மோட்டார் ஓடுவதோ மும்முனை மின்சாரத்தில். வீட்டில் இருப்பது ஒருமுனை. என்ன செய்வது?

மும்முனை மோட்டாருக்குள் மூன்று காயில்கள். மூன்று பேஸும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து காந்தப்புலத்தைச் சுழற்றுகின்றன. அதன் பின்னாலேயே மோட்டாரும் சுற்றுகிறது. ஒரே பேஸ் கொடுத்தால் சுழற்சி கிடைக்காது. மோட்டார் 'உர்ர்' என்று உறுமும், சுற்றாது. அப்படியே விட்டால் காயில் கருகிவிடும்.

நம் ஊர் விவசாயிகளுக்கு இது நன்றாகவே தெரியும். மும்முனை மின்சாரம் இல்லாத நேரத்தில், கண்டென்சர் வைத்து இருமுனையில் பம்ப்செட் ஓட்டுவது பழைய வித்தை. மோட்டார் ஓடும், ஆனால் முழு பலம் வராது, சூடும் ஏறும். ரீவைண்டிங் கடைக்கு அலைவதும் இதனால்தான். லேத்தில் லோடு அடிக்கடி மாறும் என்பதால் இந்த வித்தை இன்னும் மோசமாகவே வேலை செய்யும்.

சின்ன மோட்டாருக்கு நல்ல வழி வி.எஃப்.டி. என்ற டிரைவ். ஒருமுனையில் வரும் 230 வோல்ட்டை வாங்கி, முதலில் டி.சி.யாக்கி, பிறகு மும்முனை 230 வோல்ட்டாக வெளியே தரும். வேகத்தையும் கூட்டிக் குறைக்கலாம். ஒருமுனையில் வாங்கி மும்முனையாகத் தரும் மாடல்தானா என்று கேட்டு வாங்குங்கள்.

அதற்கு முன் மோட்டாரின் நேம் பிளேட்டைப் படியுங்கள். 'ஸ்டார் 415' என்று இருந்து, ஆறு வயர் முனைகளும் வெளியே வந்திருந்தால், டெல்டாவாக மாற்றி 230-ல் ஓட்டலாம். 'டெல்டா 415' என்றால் 230-ல் இழுவை மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். அப்போது ஒருமுனை மோட்டாரையே மாட்டுவது நல்லது.

2 ஹெச்.பி. என்பது சுமார் 1.5 கிலோவாட். லோடில் 10 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ஃபேன், லைட்டுக்குப் போட்ட வயரில் கொடுத்தால் முதலில் உருகுவது அந்த வயர்தான். மெயின் போர்டிலிருந்து தனி வயர், தனி எம்.சி.பி., சரியான எர்த் மூன்றும் வேண்டும். டிரைவை ஆஃப் செய்த பிறகும் உள்ளே சில நிமிடம் மின்சாரம் தேங்கி நிற்கும். உடனே மூடியைத் திறக்கக் கூடாது. உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடமே வேலையைக் கொடுங்கள்.

இதெல்லாம் சொந்த உபயோகத்துக்குத்தான். கூலிக்கு வேலை எடுத்தால், அது வீட்டு இணைப்பைத் தொழிலுக்குப் பயன்படுத்துவதாகும். மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 126-ன்படி, அதற்குரிய கட்டணத்தில் இரு மடங்கு கட்ட வேண்டி வரலாம். எப்போதிலிருந்து என்று தெரியாவிட்டால் 12 மாதத்துக்குக் கணக்கிடுவார்கள். தமிழ்நாட்டில் குடிசை, குறுந்தொழிலுக்கென்று தனிக் கட்டணப் பிரிவு இருக்கிறது. உங்கள் பகுதி மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேட்டு மும்முனை இணைப்புக்கே விண்ணப்பியுங்கள். இந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டு லேத்துக்கு அட்வான்ஸ் கொடுங்கள்.