சிகாகோ பணத்துக்கு ஒரு சட்டம், சிந்தாதிரிப்பேட்டை பணத்துக்கு ஒரு சட்டமா?

சேவை சங்கங்கள் ஊரில் வசூல் செய்கிற பணத்துக்குக் கணக்கு எங்கே? வியாபாரிகள் பலர் இதை வாய்க்குள்ளேயே முணுமுணுக்கிறார்கள். சத்தமாகக் கேட்டால் தர்ம காரியத்துக்கு விரோதி என்று பெயர் வந்துவிடுமே என்ற பயம்!

ரோட்டரியும் லயன்சும் நேற்று முளைத்த சங்கங்கள் அல்ல. ரோட்டரி 1905-லும், லயன்ஸ் 1917-லும் அமெரிக்காவின் சிகாகோ நகரில் பிறந்தவை. சென்னைக்கு ரோட்டரி 1929-லேயே வந்துவிட்டது. 2014-ல் இந்தியாவில் போலியோ ஒழிந்தது என்று சான்று கிடைத்ததில் ரோட்டரிக்குப் பெரும் பங்கு உண்டு. கண் சிகிச்சை முகாம், ரத்ததானம் என்று இவர்களால் பலன் அடைந்த ஏழைகள் ஏராளம்.

அந்த நல்ல பெயரை நம்பித்தான் ஜனங்கள் கேள்வி கேட்காமல் காசு கொடுக்கிறார்கள். வில்லங்கமும் அங்கேதான்.

இரண்டு கையெழுத்து

ரோட்டரியின் உலக அறக்கட்டளையிடம் ஒரு கிளை பெரிய திட்டத்துக்கு மானியம் வாங்கினால் லேசில் விட மாட்டார்கள். திட்டத்துக்கென்று தனி பாங்கிக் கணக்கு வேண்டும். பணம் எடுக்க குறைந்தது 2 உறுப்பினர்களின் கையெழுத்து வேண்டும். பில், ரசீது எல்லாவற்றையும் குறைந்தது 5 வருஷம் பத்திரப்படுத்த வேண்டும். அந்த அறக்கட்டளைக்கு நூறு வருஷத்துக்கு முன்பு வந்த முதல் நன்கொடை 26 டாலர் 50 சென்ட். அதைக்கூட இன்றைக்கும் கணக்காகச் சொல்கிறார்கள்.

சிகாகோ பக்கத்திலிருந்து வருகிற பணத்துக்கு இத்தனை காவல். சிந்தாதிரிப்பேட்டை கடைக்காரர் கல்லாவிலிருந்து போகிற பணத்துக்கு?

லயன்ஸ் சங்கத்தில் இதற்கும் விதி இருக்கிறது. உறுப்பினர் சந்தா ஒரு கணக்கு, பொதுமக்களிடம் வசூலித்தது வேறு கணக்கு. மக்கள் பணத்தைச் சங்கத்தின் சொந்தச் செலவுக்குத் தொடக்கூடாது. ஆனால் வசூல் நிகழ்ச்சிக்கு ஆன நேரடிச் செலவைக் கழித்துக்கொள்ளலாம்.

இந்த "செலவு போக" என்ற இரண்டு வார்த்தையில்தான் யானை நுழைகிற சந்து இருக்கிறது!

ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். இன்னிசைக் கச்சேரி டிக்கெட், மலர் விளம்பரம் எல்லாம் சேர்த்து வசூல் 5 லட்சம். மண்டபம், மைக் செட், பாடகர், சாப்பாடு, சால்வை, கேடயம் என்று செலவு நாலரை லட்சம். மீதி 50 ஆயிரத்துக்குத் தையல் மிஷின் வாங்கி, போட்டோவும் எடுத்தாயிற்று. இதில் ஒரு பைசாகூடத் திருட்டு இல்லை என்றே இருக்கட்டும். ஏழைக்கு என்று கொடுத்த 100 ரூபாயில் ஏழைக்குப் போனது 10 ரூபாய்! அதைக் கொடுத்தவருக்கு யார் சொன்னது?

ஜூலை வந்தால் கைமாறும்

இந்தச் சங்கங்களில் ஜூலை 1-ந் தேதியோடு புது வருஷம், புது நிர்வாகிகள். பழைய தலைவரைக் கேட்டால் "புதுசா வந்தவரைக் கேளுங்க" என்பார். புதியவரைக் கேட்டால் "அது போன வருஷத்து சமாசாரம் சார்" என்பார். ரசீது புத்தக அடிக்கட்டை எவர் வீட்டுப் பரணில் கிடக்கிறதோ! கணக்கைத் தணிக்கை செய்கிறவரும் அதே சங்கத்துக்காரர் என்றால், வாராவாரம் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிற நண்பரிடம் எந்த முகத்தோடு பில் கேட்பார்?

சட்டம் இல்லாமல் இல்லை. 1975-ம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவான சங்கம் ஆண்டுதோறும் பதிவாளரிடம் கணக்கு தாக்கல் செய்ய வேண்டும். 36-வது பிரிவில் பதிவாளர் விசாரணையே நடத்தலாம். ஆனால் உறுப்பினர்கள் மனு கொடுக்க வேண்டுமானால் மூன்றில் ஒரு பங்கு பேர் சேர வேண்டும். 100 ரூபாய் கொடுத்த டீக்கடைக்காரர் உறுப்பினரே இல்லையே! அவருக்காகப் பதிவாளர்தான் தாமாக முன்வர வேண்டும். அதற்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது.

என்ன செய்யலாம்?

கோர்ட்டு, போலீஸ் என்று அலைய வேண்டியதில்லை. வசூல் முடிந்த 30 நாளில் வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு, ஏழைக்குப் போனது எவ்வளவு என்று மூன்று வரி எழுதி, விழா நடந்த மண்டப வாசலில் ஒட்டலாம். அடுத்த வருஷ மலரில் ஒரு பக்கம் கணக்குக்கு ஒதுக்கலாம். ஜூன் 30-ந் தேதி பாஸ்புக்கையும் அடிக்கட்டையையும் எல்லோர் முன்னிலையிலும் ஒப்படைக்கலாம்.

கடைக்காரர்களும் நம்பர் போட்ட ரசீது இல்லாமல் காசு கொடுக்கக்கூடாது. "போன வருஷக் கணக்கு எங்கே?" என்று கேட்டுவிட்டே கல்லாவைத் திறக்கட்டும்.

நாணயமாக நடக்கிற சங்கங்கள் நிறைய இருக்கின்றன. பக்கத்துக் கிளை செய்கிற தப்புக்கு அவர்களும் சேர்ந்துதான் பேர் கெடுகிறார்கள். மடியில் கனம் இல்லாதவர்கள் முதலில் கணக்கை ஒட்டிக் காட்டட்டும். ஒட்டாதவர்கள் யார் என்று ஊருக்குத் தானாகவே தெரிந்துவிடும்!