மலை சொல்வதை மக்களுக்கு மறைக்கலாமா?

மலையைத் துளைப்பவர் எவராயினும் அந்த மலை கூறும் முதற் சொல்லைக் கேட்டேயாக வேண்டும். அச்சொல் துளையின் வழியாகவே வருகிறது. உள்ளே செலுத்திய நீர் குறையாது திரும்பினால் பாறை இறுகியது. குறைந்து திரும்பினால் எங்கோ வெடிப்பு உண்டு. இந்தக் கணக்கு பொறியியலாளரின் குறிப்பேட்டோடு நின்றுவிடலாமா, மலையின் மீது வாழும் மக்களும் அதனை அறிய வேண்டாமா என்பதே நாம் எழுப்பும் வினா.

எண்ணெய்க் கிணறு தோண்டுவோர் இக்கணக்கை உயிர்க்கணக்காகவே மதிக்கின்றனர். களிமண் கலந்த சேற்றுக் குழம்பைத் துளைகுழாயின் வழியே கீழே செலுத்துகின்றனர். அது பாறைத்தூளைச் சுமந்து மேலே வந்ததும் தொட்டியில் அளக்கின்றனர். தொட்டியின் மட்டம் தாழ்ந்தால் குழம்பு பாறை வெடிப்பினுள் ஓடுகிறது என்பது பொருள். மின்தடையையும் ஒலியையும் வெப்பத்தையும் அளக்கும் கருவிகளைத் துளைக்குள் இறக்கி, வெடிப்பு எந்த ஆழத்தில் உள்ளதென்று காண்கின்றனர். கண்டும் வாளாவிருந்தால் குழம்பின் பாரம் குறையும். அடியில் அடைபட்ட வாயு மேலெழும். ஆட்களின் உயிருக்கே ஆபத்து நேரும். இலங்கைக்கு இத்தொழில் புதியதன்று. 1970களில் சோவியத் உதவியுடன் பேசாலையில் துளைத்தார்கள். 2011இல் மன்னார்க் கடலடியில் இயற்கை வாயுவைக் கண்டார்கள்.

சப்ரகமுவ மலைகளில் எவரும் எண்ணெய் தேடவில்லை. ஆயினும் அணைக்கும் சுரங்கத்துக்கும் இங்கே மலை துளைக்கப்படுகிறது. சுவிற்சர்லாந்துப் புவியியலறிஞர் லூசோன் 1933இல் வகுத்த சோதனை அதற்குரியது. துளையின் ஒரு பகுதியை அடைத்து, அழுத்தத்துடன் நீரைச் செலுத்தி, நிமிடத்துக்கு எத்தனை லீற்றர் பாறைக்குள் மறைகிறது என்று அளப்பதே அச்சோதனை. எண்ணெய்க் கிணற்றுக்குச் சேறு எதுவோ, அணைக்கு இந்நீர் அது.

பெலிகுல் ஓயா வளவை கங்கையோடு கூடும் இடத்துக்கு அருகே, இரத்தினபுரி மாவட்டத்தில் எழுந்த சமனலவெவ அணையின் கதையை எண்ணிப் பாருங்கள். வலக்கரைப் பாறை வெடிப்பும் குடைவும் உடையதென்பது கட்டுமான காலத்திலேயே தெரிந்தது. சீமெந்துக் குழம்பைத் துளைகளில் ஏற்றித் திரை அமைத்தார்கள். ஆயினும் 1992இல் நீர் தேக்கப்பட்டபோது அக்கரை பிளந்து நீர் பீறிட்டது. பின்னர் நீர்த்தேக்கத்தினுள் மண்ணைக் கொட்டியும் பார்த்தார்கள், கசிவு நிற்கவில்லை. 120 மெகாவாற்று மின்னுக்கென்று தேக்கிய நீரில் ஒரு பங்கு மலையின் வழியே வெளியேறி, கீழே கல்தொட்டை வயல்களுக்குப் பாய்ந்தது. மின்சார சபைக்கு இழப்பு. உழவனுக்கோ அது பயிர்நீர்! 2023 வறட்சியில் உடவளவை உழவர்கள் சமனலவெவ நீரைத் திறக்கக் கோரிப் போராடியபோது, அந்த நீர் மின்னுக்கா நெல்லுக்கா என்ற பூசல் நாடறிய வெடித்தது. பாறையின் வெடிப்பு வெறும் தொழில்நுட்பச் செய்தியன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

அண்டை மாகாணமாகிய ஊவாவில் நேர்ந்தது இன்னும் கொடிது. உமா ஓயாத் திட்டத்துக்காகப் பண்டாரவளைப் பகுதியில் குடைந்த சுரங்கத்தில் 2014 டிசெம்பரில் வெடிப்பின் வழியே நீர் பெருக்கெடுத்தது. மேலே கிணறுகளும் ஊற்றுக்களும் வற்றின. வீட்டுச் சுவர்கள் பிளந்தன. 2017இல் மக்கள் வீதிக்கு வந்தனர். திட்டம் 2024 ஏப்ரலில் திறந்து வைக்கப்பட்டது. வற்றிய கிணற்றைத் திறந்து வைப்பார் யார்?

மின்சாரம் வேண்டாமா என்று சிலர் கேட்பர். வேண்டும், லயத்துப் பிள்ளைகளும் விளக்கொளியில் படிக்கவே விரும்புகின்றனர். ஆராயாமல் எவரும் துளைப்பதில்லை என்றும் கூறுவர். உண்மையே, சமனலவெவவிலும் ஆராய்ந்தார்கள். நாம் குறை கூறுவது ஆராய்ச்சியை அன்று. அதன் முடிவைக் கேட்கும் உரிமை மலைவாழ் மக்களுக்கு இல்லாதிருப்பதையே குறை கூறுகிறோம்.

பலாங்கொடை முதல் கேகாலை வரை தோட்டத் தொழிலாளர் பலர் குடிப்பது மலையூற்றிலிருந்து பீலியில் வரும் நீரை. அவர்களிற் பெரும்பாலோருக்கு வீட்டுக்கோ நிலத்துக்கோ உறுதி இல்லை. கிணறு வற்றிய நிலக்காரர் தம் உறுதியைக் காட்டி இழப்பீடு கேட்கலாம். பீலி வற்றிய தொழிலாளி எதைக் காட்டுவான்? நேற்றுவரை நீர் வந்ததென்று அவன் சொன்னால் எந்த அலுவலகம் நம்பும்?

ஆகவே நாம் கேட்பன மூன்று. மலையைத் துளைக்குமுன், சுற்றியுள்ள ஒவ்வோர் ஊற்றையும் பீலியையும் கிணற்றையும் மாதந்தோறும் அளந்து, ஓராண்டேனும் பதிவு செய்ய வேண்டும். துளைகளில் நீர் எவ்வளவு இழக்கப்பட்டது என்ற கணக்கைத் தமிழிலும் சிங்களத்திலும் பிரதேச செயலகத்தில் யாவரும் காண வைக்க வேண்டும். நீரிழந்தவருக்கு, நில உறுதி உண்டோ இல்லையோ, அப்பதிவையே சான்றாகக் கொண்டு ஈடு செய்ய வேண்டும்.

இவற்றுக்குப் பெருஞ் செல்வம் தேவையில்லை; ஒரு வாளியும் கடிகாரமும் குறிப்பேடும் போதும். கற்றோரும் உழவரும் ஆட்சியாளரின் கட்டளைக்குக் காத்திராமல், தத்தம் ஊரின் ஊற்றுக்களை இன்றே அளக்கத் தொடங்கலாம். துளைக்கும் பொறி மலைக்கு வந்து சேருமுன், அந்த ஏடு நம் கையில் இருக்கட்டும்.