சாட்சியின் பெயரை யாரிடம் மறைப்பது?

எங்கள் வானூர், மரக்காணம் பக்கத்துக் காலனிகளில் வன்கொடுமை வழக்கு என்றால் 'யார் அடித்தது?' என்று யாரும் கேட்பதில்லை. அது ஊருக்கே தெரியும். 'யார் சாட்சி சொல்வது?' என்பதுதான் கேள்வி. உப்பளத்தில் கூலிக்குப் போகிறவர் கூண்டில் ஏறினால் மறுநாள் வேலை இருக்குமா என்று யோசிக்கத்தான் செய்வார்.

அதனால் சாட்சி யாரென்றே எதிர்த்தரப்புக்குத் தெரியக் கூடாது என்கிறார்கள் தோழர்கள் சிலர். அந்தக் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் அந்தத் தீர்வை என்னால் ஏற்க முடியவில்லை.

கோகுல்ராஜ் வழக்கைப் பாருங்கள். 2015இல் திருச்செங்கோடு கோயிலில் அவருடன் இருந்த தோழி, விசாரணையில் பிறழ் சாட்சியானார். 2022இல் உயர் நீதிமன்றமே அழைத்துக் கேட்டபோதும், கேமராப் பதிவில் இருப்பது தான் அல்ல என்றார். யுவராஜ் உள்ளிட்டோரின் தண்டனை நிலைத்ததற்கு அந்தக் கேமராப் பதிவு முக்கியக் காரணம். அந்தப் பெண்ணின் பெயரை மறைத்து என்ன பயன்? கோகுல்ராஜை அழைத்துச் சென்றவர்கள் அவரை நேரிலேயே பார்த்தவர்கள். கிராமத்திலும் இதே கதைதான்.

மறுபக்கமும் உண்டு. ஊபா சட்டத்தின் 44ஆம் பிரிவு சாட்சியின் அடையாளத்தை மறைக்க வழி தருகிறது. 2020இல் கைதான உமர் காலித்துக்கு எதிராகப் புனைபெயர்ச் சாட்சிகளைத்தான் போலீஸ் காட்டியது. யாரென்றே தெரியாதவரிடம் முன்பகை உண்டா, சம்பவ இடத்தில் இருந்தாரா, போலீஸின் ஆளா என்று எப்படிக் குறுக்கு விசாரணை செய்வது? பொய் வழக்கில் உள்ளே போவது பெரும்பாலும் நம் பிள்ளைகள்தான். நாம் கேட்டு வாங்கும் ஆயுதம் நாளை நம்மீதே திரும்பும்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் சேர்த்த 15ஏ பிரிவின்படி, பொதுமக்கள் பார்க்கும் ஆவணங்களில் சாட்சியின் பெயர், முகவரியை மறைக்கலாம். பயணச் செலவு, பராமரிப்பு, வேறிடத்தில் குடியமர்த்தல் எல்லாம் அதிலேயே இருக்கின்றன. 2018இல் உச்ச நீதிமன்றம் ஏற்ற சாட்சிப் பாதுகாப்புத் திட்டமும் இருக்கிறது. எத்தனை காலனிகளுக்கு இது தெரியும்?

கண்ணகி, முருகேசன் கொலை நடந்தது 2003இல். கடலூர் நீதிமன்றத் தீர்ப்பு 2021இல். 18 ஆண்டுகள் ஒரு சாட்சி எதை நம்பி உறுதியாக நிற்பார்?

பெயரை ஊரிடமும் ஊடகத்திடமும் மறையுங்கள். குறுக்கு விசாரணை செய்யும் வழக்கறிஞரிடம் மறைக்காதீர்கள். சாட்சிக்குக் கூலியும் வீடும் காவலும் கொடுங்கள், வழக்கைச் சீக்கிரம் முடியுங்கள். நாம் கேட்க வேண்டியது இதைத்தான்.