கிராம ஊழியரிடையே கூட்டுறவு

ஒருவரால் ஆகாத காரியம் பலர் கூடினால் ஆகும் என்பதை அங்கத்தினர்களுக்கு எடுத்துரைப்பது கூட்டுறவு ஆய்வாளர்களாகிய எங்கள் கடமைகளுள் ஒன்று. ஆண்டு முழுதும் இதனைச் சொல்லி வருகிறோம். ஆனால் ஊருக்கு இவ்வாறு உபதேசம் செய்யும் ஊழியர்கள் தங்களுக்குள் எவ்வளவு கூடியிருக்கின்றனர் என்று எவரேனும் கேட்டால், விடை மகிழ்ச்சி தருவதாக இராது. உதவி வேளாண்மை அலுவலர், கைத்தறி ஆய்வாளர், கால்நடை மருத்துவர், வங்கியின் கள அலுவலர், மகளிர் குழுக்களை மேற்பார்ப்பவர், கூட்டுறவு ஆய்வாளர் ஆகிய யாவரும் ஒரே ஊருக்கு வருகின்றனர். ஒரே தெருவில் நடக்கின்றனர். பல வேளைகளில் ஒரே வீட்டுத் திண்ணையில் அமர்கின்றனர். எனினும் ஒருவர் அறிந்ததை மற்றவர் அறிவதில்லை. இதனால் நஷ்டமடைபவர்கள் ஊழியர்கள் அல்லர். நெசவு செய்யும், பயிரிடும் அங்கத்தினர்களே.

நஷ்டம் எத்தகையது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். வானிலை இலாகாவும் வேளாண்மைப் பல்கலைக்கழகமும் சேர்ந்து வாரத்தில் செவ்வாய், வெள்ளி ஆகிய இரு நாள்களில் வேளாண் வானிலை அறிக்கை வெளியிடுகின்றன. அடுத்து வரும் ஐந்து நாள்களில் மழை பெய்யுமா, காற்று எவ்வாறு இருக்கும், மருந்து தெளிக்கலாமா, அறுவடையைத் தள்ளிப் போடலாமா என்பனவற்றை அது கூறும். அறிக்கை உழவருக்கென எழுதப்படுவது. அது வேளாண்மை ஊழியர் கையில் இருக்கிறது. ஆனால் வானத்தைப் பார்த்து வேலையை வகுத்துக்கொள்ள வேண்டியவர் உழவர் மட்டுந்தானா? விடியற்காலையில் பாவடியில் பாவை நீட்டிக் கஞ்சி தோய்த்து உலர்த்தும் நெசவாளருக்கும் மழையே எஜமானன். பாதி உலர்ந்த பாவின்மீது ஒரு தூறல் விழுந்தால் குடும்பத்தின் ஒரு நாள் உழைப்புப் பாழாகும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையில் தறிக்குழியில் நீர் ஊறி வேலை நின்றுபோகும் வீடுகள் பல. பொங்கல் விற்பனைக்குரிய சரக்கு நெய்யப்பட வேண்டிய காலமும் அதுவே. செவ்வாயன்று வரும் அவ்வறிக்கையை நெசவாளர் சங்கத்தின் விளம்பரப் பலகையில் ஒட்டினால், எந்த நாளில் பாவு நீட்டுவது, எந்த நாளில் தார் சுற்றுவது என்று திட்டமிடலாம். இதற்குப் பணமும் வேண்டாம், மேலிடத்து உத்தரவும் வேண்டாம். வேளாண்மை ஊழியரும் கைத்தறி ஊழியரும் ஒருவரையொருவர் அறிந்திருந்தால் போதும்.

மற்றொன்று கடன் பற்றியது. நெசவும் நிலமும் ஒருங்கே உடைய குடும்பங்கள் நம் சங்கங்களில் அநேகம். தந்தை பெயரில் தொடக்க வேளாண்மைச் சங்கத்தில் பயிர்க்கடன்; மகன் பெயரில் வங்கியில் நெசவாளர் கடன்; மருமகள் பெயரில் மகளிர் குழுவில் கடன். மூன்று பதிவேடுகளில் எதைப் பார்த்தாலும் குடும்பம் ஒழுங்காகவே தோன்றும். மூன்றையும் ஒருங்கே பார்த்தால்தான் தவணைகள் யாவும் ஒரே மாதத்தில் வந்து விழுவது தெரியும். நம் மாநிலத்தில் கூட்டுறவுப் பயிர்க்கடனைக் கெடுவுக்குள் திருப்பிச் செலுத்துவோருக்கு வட்டி இல்லை; கெடு தவறினால் அச்சலுகையும் போய்விடும். நெசவாளர் சங்கத்தின் கூலியும் போனஸும் எந்நாளில் பட்டுவாடா ஆகும், விளைபொருளின் பணம் எந்நாளில் கைக்கு வரும் என்பவற்றை அறிந்து, அங்கத்தினரின் சம்மதத்துடன் தவணைகளை அமைத்திருந்தால், தனியார் வட்டிக்கடைக்குச் செல்லும் அவசியம் பல வீடுகளில் நேராது. ஆனால் மூன்று ஊழியர்களும் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்தாலன்றி இது கைகூடாது.

இக்கருத்து புதிதன்று. நம் தேசத்தின் கிராம முன்னேற்றப் பணி தொடங்கிய நாளிலேயே இது உணரப்பட்டிருந்தது. 1948இல் ஐக்கிய மாகாணத்தின் எடாவா ஜில்லாவில் 64 கிராமங்களைக் கொண்டு ஒரு சோதனைத் திட்டம் தொடங்கிற்று. அதற்கு வழிகாட்டிய அமெரிக்க நகரமைப்பு நிபுணர் ஆல்பர்ட் மேயர், மேலதிகாரி பேசக் கீழுள்ளோர் கேட்டுக்கொண்டிருக்கும் கூட்டங்களால் கிராமப் பணி உயிர் பெறாது என்று கண்டார். கடைநிலை ஊழியனும் தான் கண்டதை அச்சமின்றிச் சொல்ல இடம் வேண்டும். ஊழியர் அமைப்புக்குள்ளேயே ஜனநாயகம் வேண்டும் என்பது அவர் வற்புறுத்திய கொள்கை.

அச்சோதனையின் அனுபவத்தையும் துணைக்கொண்டு 1952 அக்டோபர் 2ஆம் நாள் 55 சமுதாய அபிவிருத்தித் திட்டங்கள் தொடங்கப்பெற்றன. ஒவ்வொரு திட்டமும் ஏறத்தாழ 300 கிராமங்களையும் இரண்டு லட்சம் மக்களையும் கொண்டது. அடுத்த ஆண்டே தேசிய விஸ்தரிப்புச் சேவை தோன்றிற்று. கிராமத்தில் பல பணிகளுக்கும் பொதுவாக ஒரு கிராம சேவக். வட்டாரத்தில் விவசாயம், கால்நடை, கூட்டுறவு முதலியவற்றுக்கு விஸ்தரிப்பு அதிகாரிகள். அவர்களை ஒன்றுசேர்க்க ஓர் அபிவிருத்தி அதிகாரி. அமைப்பில் குறைகள் பல இருந்தன; 1957இல் பல்வந்தராய் மேத்தா குழு அவற்றைத் தயங்காமல் எடுத்துக்காட்டிற்று. எனினும் பல இலாகா ஊழியர்கள் ஒரே கூரையின்கீழ் அமர வேண்டும் என்ற நோக்கம் அதில் இருந்தது.

பின்னர் வந்த திட்டங்கள் அந்நோக்கத்தை ஒரு பக்கம் வளர்த்து, மறு பக்கம் விட்டுவிட்டன. 1970களில் உலக வங்கியின் உதவியுடன் பரவிய பயிற்சி, பார்வை முறையில் இரு வாரத்துக்கு ஒரு முறை கள ஊழியருக்குப் பயிற்சியும், மாதந்தோறும் விஞ்ஞானிகளுடன் பயிலரங்கும் நடந்தன. வேளாண்மை ஊழியரிடையே அறிவுப் பரிமாற்றத்துக்கு அது நல்ல வழி வகுத்தது. ஆயினும் வயல் வரப்பைத் தாண்டி நெசவாளர் தெருவுக்கு அது வரவில்லை. 1998இல் சோதனையாகத் தொடங்கி, 2005க்குப் பின் நாடெங்கும் பரவிய ஆத்மா திட்டம் வேளாண்மையோடு தோட்டக்கலை, கால்நடை, மீன்வளம் முதலிய சார்புத் துறைகளை இணைக்க முற்பட்டது. அதன் வட்டத்துக்கும் கைத்தறி வெளியிலேயே நிற்கிறது. நிலமும் தறியும் ஒரே வீட்டில் இருக்க, அவற்றைக் கவனிக்கும் ஊழியர்கள் மட்டும் வேறு வேறு உலகங்களில் இருக்கின்றனர்.

“மாதந்தோறும் ஆட்சியர் தலைமையில் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கிறதே, எல்லா இலாகாக்களும் அங்கு வருகின்றனவே” என்று சிலர் கூறலாம். அக்கூட்டம் இன்றியமையாதது. ஆனால் அங்கு ஊழியர் வருவது தம் இலாகாவின் சார்பில் விடையளிக்க. அடுத்த இலாகாவிடம் கற்றுக்கொள்ள அன்று. “கைப்பேசியில் குழுக்கள் இருக்கின்றனவே” என்பர் வேறு சிலர். அக்குழுக்களில் சுற்றறிக்கைகளும் விழாப் படங்களும் ஓடுகின்றன. “என் பகுதியில் இம்முயற்சி பலிக்கவில்லை, உங்கள் பகுதியில் எப்படி?” என்று மேலதிகாரி பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தில் எழுத எவருக்குத் துணிவு வரும்?

ஊர் கூடிச் செக்குத் தள்ள முடியுமா என்ற பழமொழியையும் நினைவூட்டுவார்கள். மெய்தான், அவரவர் செக்கை அவரவரே தள்ள வேண்டும். ஆய்வாளர் தம் ஆய்வையும், வேளாண்மை அலுவலர் தம் பணியையும் விட்டுவிட வேண்டுமென்று எவரும் கூறவில்லை. பழகியதன் காரணமாக ஆய்வில் கண்டிப்புக் குறையும் என்ற அச்சத்துக்கும் இடமில்லை. கணக்கைச் சரிபார்க்கத் தனியே கூட்டுறவுத் தணிக்கைத் துறை இருக்கிறது. செக்குத் தள்ள ஊரை அழைக்க வேண்டாம். தேர் இழுக்க அழைத்தே தீர வேண்டும்.

எனவே நாம் முன்வைக்கும் யோசனை இதுதான். ஒவ்வொரு பிர்க்காவிலும் மாதம் ஒரு முறை, அரை நாள், ஊழியர் கூட்டம் ஒன்று நடக்க வேண்டும். அது அரசாங்க அலுவலகத்தில் அன்றிச் சங்கக் கட்டடத்தில் நடக்கட்டும். ஒரு மாதம் நெசவாளர் சங்கம், மறு மாதம் வேளாண்மைச் சங்கம் என்று மாறி வரட்டும். இலக்கு எவ்வளவு எட்டப்பட்டது என்ற விசாரணை அங்கு வேண்டாம். வருகிற ஒவ்வொருவரும் தாம் அறிந்த ஒரு செய்தியையும், விடை தெரியாத ஒரு கேள்வியையும் கொண்டு வரட்டும். ஒரு நெசவாளரும் ஒரு விவசாயியும் உடனிருந்து கேட்கட்டும். தேவைப்பட்டபோது சென்னை, காஞ்சிபுரம், சேலம் ஆகிய இடங்களிலுள்ள நெசவாளர் சேவை மையங்களிலிருந்தும், அருகிலுள்ள வேளாண்மை அறிவியல் நிலையத்திலிருந்தும் நிபுணர்களை வரவழைக்கலாம். பேசியது யாவும் ஒரு குறிப்பேட்டில் எழுதப்பட வேண்டும்; அக்குறிப்பேடு சங்கத்திலேயே இருக்க வேண்டும். ஊழியர்கள் மாற்றலாகிச் செல்பவர்கள். அவர்கள் அறிவும் அவர்களுடன் மூட்டை கட்டப்பட்டுச் செல்வதால் ஊர் ஒவ்வொரு முறையும் அகரத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. குறிப்பேடு இருந்தால் புதியவர் ஒரு மாலையில் படித்துக்கொள்வார்.

இதனால் சங்கங்களுக்கிடையே உறவும் வளரும். கூட்டுறவுகளுக்கிடையே கூட்டுறவு வேண்டுமென்பதை 1966இல் வியன்னாவில் கூடிய சர்வதேசக் கூட்டுறவு மகாநாடு கொள்கையாகவே ஏற்றது. நெசவாளர் சங்கத்தில் துணி தேங்கியிருக்கும் வேளையில், அடுத்த ஊர் விற்பனைச் சங்கத்தில் உழவர் விளைபொருளுக்குப் பணம் பெற்றுச் செல்கின்றனர். அதே வாசலில் ஒரு வாரம் துணிக்கடை வைக்க எவர் தடுத்தார்? இருவரையும் அறிந்தவர் ஒருவர் இல்லாமையே தடை.

இத்தகைய கூட்டத்தை ஊழியர்களாகிய நாங்களே கூட்டக் கூடாதா என்று கேட்கலாம். கூட்டலாம்; ஆனால் ஓர் இலாகா அழைத்தால் மற்றோர் இலாகா, பெருமை யாருக்கு என்று எண்ணும். சங்கம் அழைத்தால் அவ்வெண்ணத்துக்கு இடமில்லை; ஊழியர் அனைவரும் அங்கத்தினருக்குப் பணி செய்யவே அமர்த்தப்பட்டவர்கள் அன்றோ? செலவு தேநீர்ச் செலவே. ஆதலின் அங்கத்தினர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் சங்கத்தில் நிர்வாகக் குழு இருந்தால் அதனிடமும், தனி அலுவலர் இருந்தால் அவரிடமும், அடுத்த மாதத்துக்குள் இவ்வழைப்பை அனுப்பும்படி எழுத்து மூலம் கேளுங்கள். எந்த இலாகாவின் நாற்காலி காலியாக இருந்தது என்பதையும் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். மறு மாதம் அது நிரம்பும்.