கோடு கிழிக்கும் கத்தியைக் கடையில் தேட வேண்டாம்

“எங்கள் மரப்படகில் உட்காரும் பலகையும் ஓரப்பலகை ஒன்றும் மக்கிவிட்டன. சுனாமிக்குப் பிறகு எல்லாரும் ஃபைபர் படகுக்கு மாறிவிட்டதால், எங்கள் குப்பத்துக்குப் படகு ஆசாரி வருவதே அரிது. நானும் தம்பியுமே பலகை மாற்றுகிறோம். பென்சில் கோட்டில் அறுத்தால் பொருத்தும் இடத்தில் சந்து விழுகிறது. ஒரு பலகை வீணாகிவிட்டது. கோடு போடத் தனிக் கத்தி உண்டாமே, எதை வாங்கலாம்?”

- வாசகர், பழவேற்காடு ஏரிக்கரை, திருவள்ளூர் மாவட்டம்.

வாங்கவே வேண்டாம். லேத் பட்டறையில் உடைந்த பவர் ஆக்ஸா பிளேடு ஒரு துண்டு கேளுங்கள். கையால் அறுக்கும் ஆக்ஸா பிளேடு மெல்லியது, வளையும், கோடு விலகிப்போகும். பவர் பிளேடு கனமானது. ஆனால் சில பிளேடுகளில் பல் மட்டும்தான் கடினம், முதுகு மெது. முதுகில் அரத்தை வைத்துத் தேயுங்கள். அரம் வழுக்கினால் எடுத்துக்கொள்ளலாம், கடித்தால் விட்டுவிடுங்கள்.

ஆறு அங்குலத் துண்டு போதும். பற்களைச் சாணை மிஷினில் தேய்த்து எடுத்துவிட்டு, முனையைச் சாய்வாக வெட்டிக்கொள்ளுங்கள். கண்ணாடி போடாமல் சாணை அருகே போகாதீர்கள். இந்த எஃகு ஹைஸ்பீடு வகையாக இருந்தால் சாணைச் சூட்டுக்குப் பதம் போகாது. பழைய அரத்திலோ உளியிலோ செய்தால் அப்படியில்லை. நுனி நீலம் பாய்ந்தால் அந்த இடம் மெதுவாகிவிட்டது என்று அர்த்தம். அடிக்கடி தண்ணீரில் தோய்த்துத் தேய்க்க வேண்டும்.

சாய்வு ஒரு பக்கம் மட்டுமே இருக்கட்டும். மறுபக்கம் முழுத் தட்டை. கத்தியின் உயிர் அந்தத் தட்டைப் பக்கத்தில்தான் இருக்கிறது. அதுதான் மூலைமட்டத்தை ஒட்டி ஓடுகிறது. இருபக்கமும் சாய்வு வைத்த சமையல் கத்தியால் மட்டத்தை ஒட்டிக் கோடு விழாது. ஜப்பான் தச்சர்களின் கிரிதாஷி என்ற கத்தியும் இதே ஒருபக்கச் சாய்வுதான். வலது கைக்காரர் என்றால் தட்டை இடப்பக்கம், சாய்வு வலப்பக்கம். தம்பி இடது கைக்காரர் என்றால் அவருக்குத் தனியாக, மாற்றிச் செய்யுங்கள். கோணத்துக்குக் கருவி எதுவும் வேண்டாம். தகடு 2 மி.மீ. கனம் என்றால் சாய்வின் அகலம் 4 மி.மீ. இருக்கட்டும், 30 டிகிரி வந்துவிடும். பிடிக்கு வலை நூலை இறுக்கிச் சுற்றினால் போதும். ஈரக் கையிலும் வழுக்காது.

தீட்டுவதற்குக் கனமான கண்ணாடித் துண்டின் மேல் வாட்டர் பேப்பர். சிமென்ட் தரையில் தேய்க்கும் வழக்கம் இதற்கு ஆகாது, தட்டை குலைந்துவிடும். 400-ல் தொடங்கி 1000 வரை முதலில் தட்டைப் பக்கம், பிறகு சாய்வு. சாய்வைத் தேய்க்கும்போது மறுபக்கம் பிசிறு விரலுக்குத் தட்டுப்படும். தட்டைப் பக்கத்தைப் படுக்கவைத்து இரண்டு இழுப்பு இழுத்தால் அது போய்விடும்.

கோடு போடும்போது வெட்டி எறியும் பகுதி சாய்வுப் பக்கம் இருக்க வேண்டும். முதல் இழுப்பு லேசாக, இரண்டாவது அழுத்தமாக. முதலிலேயே அழுத்தினால் கத்தி மரத்தின் ரேகை வழியே ஓடிவிடும். பென்சில் கோட்டுக்கு அகலம் உண்டு. அதன் எந்த ஓரத்தில் அறுப்பது என்பதில்தான் உங்கள் சந்து விழுந்திருக்கும். கத்திக் கீறலில் உளியின் கூர் தானாகவே உட்காரும், நாரும் பிய்யாது. ஆசாரிகள் பலர் உளி முனையாலேயே கோடு இழுப்பார்கள். அவர்கள் கைக்கு அது சரி. பழகாத கைக்குக் கத்திதான் நல்லது.

ஓரப்பலகை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. வளைத்து அடிக்க வேண்டிய பலகையில், அறுக்கப்போகும் இடத்தைத் தவிர வேறெங்கும் கத்தி படக்கூடாது. நாருக்குக் குறுக்கே விழுந்த கீறல், வளைக்கும்போது அங்கேயே விரிசலைத் தொடங்கிவைக்கும். ஆணி அடிக்கும் இடங்களைப் பென்சிலால் குறித்தால் போதும்.

உப்புக்காற்றில் எந்த எஃகும் துருப்பிடிக்கும். வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவி வையுங்கள். தோல் உறையில் போட்டால் ஈரம் உள்ளேயே நிற்கும். மறுபடி எடுக்கும்போது எண்ணெயை நன்றாகத் துடைத்துவிடுங்கள், எண்ணெய் பட்ட மரத்தில் பசை ஒட்டாது.