மாலிப்டினைட்: டன் கணக்கும் கிராம் கணக்கும்

கனிப்பொருள் ஒன்றின் மதிப்பை அது கிடைக்கும் அளவைக்கொண்டு நிர்ணயிப்பதே உலக வழக்கம். இரும்புக் கனி, நிலக்கரி, சுண்ணாம்புக்கல் முதலியவற்றுக்கு இவ்வழக்கம் பொருந்தும். அருகிக் கிடைக்கும் உலோகக் கந்தகக் கனிகளுக்கோ இது முற்றிலும் பொருந்துவதில்லை. மாலிப்டினம் என்னும் உலோகத்தின் தலையாய மூலப்பொருளாகிய மாலிப்டினைட் இதற்குத் தக்க சான்றாகும். இந்நாட்டின் மண்ணில் அது எத்தனை டன் உள்ளது என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. அதன் ஒவ்வொரு கிராமையும் எவ்வாறு பயன்கொள்வது என்ற கேள்வி அத்துணை எழுவதில்லை. பின்னதே முன்னதைவிட முக்கியமான கேள்வி.

மாலிப்டினைட்டில் ஓர் அணு மாலிப்டினத்துக்கு இரண்டு அணு கந்தகம் சேர்ந்திருக்கும். எடையில் நூற்றுக்கு அறுபது பங்கு உலோகம், எஞ்சியது கந்தகம். ஈயத்தின் நீலச்சாயல் கொண்ட சாம்பல் நிறமும், உலோகப் பளபளப்பும், தொட்டால் எண்ணெய்ப் பிசுக்குப்போன்ற வழவழப்பும் இதன் அடையாளங்கள். நகத்தாலேயே கீறிவிடக்கூடிய மென்மை உடையது. கடினத்தன்மை 1 முதல் 1.5 வரையே. ஏடு ஏடாகப் பிரியும். பிரிந்த ஏட்டை வளைக்கலாம். ஆயினும் அது மைக்காவைப்போல் மீண்டும் நிமிர்வதில்லை.

இவ்வடையாளங்களில் பெரும்பாலானவை பென்சில் கரியாகிய கிராஃபைட்டுக்கும் உண்டு. ஆகவே பல நூற்றாண்டுக் காலம் இவ்விரண்டும் ஒன்றாகவே கருதப்பட்டன. மாலிப்டினம் என்னும் பெயரே ஈயத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. 1778ஆம் ஆண்டில் ஸ்வீடன் நாட்டு ரசாயன அறிஞர் ஷீலே இதனை நைட்ரிக் அமிலத்தில் இட்டு ஆராய்ந்து, இது கரியுமன்று, ஈயமுமன்று, புதியதோர் உலோகத்தின் கந்தகச் சேர்மம் என்று தெளிவித்தார். 1781இல் அவருடைய நண்பர் யெல்ம் அவ்வுலோகத்தைப் பிரித்தெடுத்தார். இன்றும் இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிய எளிய வழிகள் உள்ளன. மாலிப்டினைட் நீரைப்போல் நான்கரை மடங்குக்கு மேல் கனமுள்ளது. கிராஃபைட் இரண்டேகால் மடங்கே கனமுள்ளது. மெருகிட்ட பீங்கானில் தேய்த்தால் கிராஃபைட் கரும்சாம்பல் கோடும், மாலிப்டினைட் பசுமை கலந்த கோடும் இடும்.

திருவனந்தபுரம் மாவட்டத்தில், பொன்முடி மலையின் அடிவாரத்தில் உள்ள வித்துராவையும் அதன் சுற்றுப்புறங்களையும் பொறுத்தவரை, நிலவியலார் நன்கறிந்தது கிராஃபைட்தான். அருகிலுள்ள வெள்ளநாட்டுப் பகுதியில் அது முன்னாளில் தோண்டியெடுக்கப்பட்டது. எனினும் மாலிப்டினைட்டின் வரலாற்றிலும் வித்துராவுக்கு இன்று ஓர் இடம் உண்டு. அந்த இடம் சுரங்கத்தால் வந்ததன்று, ஆராய்ச்சிக்கூடத்தால் வந்தது. அதனை விளக்குமுன், இக்கனியின் உள்ளமைப்பைச் சிறிது அறிந்துகொள்ளுதல் நலம்.

1923இல் டிக்கின்சன், பாலிங் ஆகிய இரு அறிஞர்கள் எக்ஸ் கதிர்களின் துணைகொண்டு மாலிப்டினைட்டின் அணுக்கோப்பைக் கண்டறிந்தனர். மாலிப்டின அணுக்களின் தளம் ஒன்று நடுவிலும், கந்தக அணுக்களின் தளங்கள் மேலும் கீழுமாக அமைந்து ஓர் அடுக்காகின்றன. ஓர் அடுக்கினுள் அணுக்கள் உறுதியாகப் பிணைந்துள்ளன. அடுக்குக்கும் அடுக்குக்கும் இடையே பிணைப்பு மிக மெலிது. ஆகவே அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று எளிதில் வழுக்கிச் செல்கின்றன. இயந்திர உறுப்புகளுக்கு இது உலர்ந்த மசகாகப் பயன்படுவது இக்காரணத்தாலேயே. கிராஃபைட்டும் மசகுதான், ஆனால் அதன் வழுக்கும் குணத்துக்குக் காற்றிலுள்ள ஈரம் துணைசெய்ய வேண்டும். காற்றற்ற விண்வெளியில் எண்ணெய் ஆவியாகிவிடும், கிராஃபைட் தேய்ந்துவிடும். மாலிப்டினக் கந்தகமோ அங்கும் பணி செய்கிறது.

உலோகமாக இது எஃகுடன் சேரும்போது எஃகின் வலிமையும் வெப்பத்தைத் தாங்கும் ஆற்றலும் மிகுகின்றன. உலகில் கிடைக்கும் மாலிப்டினத்தில் பெரும்பகுதி எஃகுக்கே செல்கிறது. அவரையினப் பயிர்களின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தருவதற்கும் இவ்வுலோகத்தின் அணுக்கள் வேண்டும். அரசாங்கத் திட்டங்களுக்கு நேரடித் தொடர்புள்ள மற்றொரு பயன் பெட்ரோலியச் சுத்திகரிப்பில் உள்ளது. டீசல் எண்ணெயிலிருந்து கந்தகத்தை நீக்கும் வினையூக்கி, கோபால்ட் சேர்ந்த மாலிப்டினக் கந்தகமே. இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் எரிபொருளில் கந்தகம் பத்து லட்சத்தில் பத்துப் பங்குக்கு மேல் இருத்தல் ஆகாது என்ற விதி நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. அதற்குமுன் ஐம்பது பங்குவரை இருக்கலாம் என்றிருந்தது. நகர மக்கள் சுவாசிக்கும் காற்றுக்கும் இக்கனிக்கும் உள்ள தொடர்பு இதனால் விளங்கும்.

இத்தகைய பொருள் இந்தியாவில் எவ்வளவு கிடைக்கிறது? புவியோட்டில் பத்து லட்சம் பங்குக்கு ஏறக்குறைய ஒரு பங்கே மாலிப்டினம். தமிழ்நாட்டில் தருமபுரி மாவட்டத்து அரூரிலிருந்து ஊத்தங்கரை நோக்கிச் செல்லும் பாறை வரிசையில், வெண்கல் எனப்படும் குவார்ட்ஸ் நரம்புகளில் இக்கனி செதிள்களாகக் காணப்படுகிறது. திண்டுக்கல் மாவட்டத்துக் கரடிக்கூட்டத்திலும், மத்தியப் பிரதேசத்து மலாஞ்ச்கண்ட் செம்புக் கனியிலும் இது உண்டு. 2010 ஏப்ரல் 1ஆம் தேதிய தேசியக் கனிப்பொருள் கணக்கின்படி நாட்டிலுள்ள மாலிப்டினக் கனி சுமார் 1 கோடியே 93 லட்சம் டன். அதில் பாதியளவு தமிழ்நாட்டில் உள்ளது. கேட்பதற்குப் பெருந்தொகைதான். ஆயினும் அத்தனை பாறையிலும் அடங்கிய மாலிப்டினக் கந்தகம் 12,640 டன்னே. அதாவது ஒரு டன் பாறையை உடைத்துப் பொடியாக்கினால் ஏறத்தாழ 650 கிராம் கனியும், அதிலிருந்து 400 கிராமுக்குச் சற்றுக் குறைந்த உலோகமும் உண்டு. உலகத்தின் ஆண்டு உற்பத்தி இரண்டரை லட்சம் டன் உலோகத்துக்குக் குறையாதது. எனவே அக்கணக்கிலுள்ள இருப்பு முழுவதும் உலகச் சுரங்கங்கள் பதினொரு நாளில் ஈட்டும் அளவே ஆகும். பின்னர் நடைபெற்ற ஆய்வுகளால் இத்தொகை சில மடங்கு உயர்ந்தாலும் நிலைமையின் தன்மை மாறாது.

இதனைக் கண்டு, இத்தனை சிறிய இருப்புக்காகச் சிரமப்பட வேண்டியதில்லை, வேண்டியதை வெளிநாட்டில் வாங்கிக்கொள்ளலாம் என்பார் ஒரு சாரார். இக்கருத்தில் ஆபத்து உண்டு. உற்பத்தியில் முதலிடம் வகிக்கும் சீனா, 2025 பிப்ரவரியில் டங்ஸ்டன், டெலூரியம் முதலியவற்றோடு மாலிப்டினப் பொருள்கள் சிலவற்றின் ஏற்றுமதிக்கும் கட்டுப்பாடு விதித்தது. விற்பவன் கை மூடினால் வாங்குபவன் பணம் பயன்படாது. மற்றொரு சாரார், 2023இல் திருத்தப்பட்ட சுரங்கச் சட்டத்தையும், அவ்வாண்டு நவம்பரில் ஏலத்துக்கு அறிவிக்கப்பட்ட இருபது வட்டாரங்களில் வேலம்பட்டி, நொச்சிப்பட்டி, மருதிப்பட்டி முதலிய தமிழ்நாட்டு மாலிப்டின வட்டாரங்கள் இடம்பெற்றதையும் சுட்டி, இனிக் குறையேதும் இல்லை என்பர். ஏலம் என்பது உரிமையை வழங்குமே தவிர, டன் ஒன்றுக்கு 650 கிராமைப் பிரித்தெடுக்கும் திறமையை வழங்காது. தோண்டிய பாறையில் ஆயிரத்துக்கு 999 பங்கு கழிவாகக் குவியும் என்பதையும், அது குவியும் இடம் உழவர்களின் நிலத்தை ஒட்டியது என்பதையும் மறத்தல் ஆகாது.

வித்துரா காட்டும் வழி இவ்விரண்டினும் வேறானது. 2008இல் தொடங்கப்பெற்று இப்போது வித்துராவில் நிலைபெற்றுள்ள இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள், மாலிப்டினக் கந்தகத்தைத் திரவத்தில் இட்டு, செவிக்கு எட்டாத ஒலி அலைகளால் அதிர்வித்து, அணுக்கனமுள்ள ஏடுகளாகவும் மிக நுண்ணிய துகள்களாகவும் பிரித்தனர். ஏடுகளின்மேல் துகள்கள் பரவிய அப்பொருள் நீரிலிருந்து ஹைட்ரஜனைப் பிரிக்கும் மின்வினையை நன்கு ஊக்குவித்ததென 2014இல் வெளியிட்டனர். இதன் காரணம் எளிது. ஏட்டின் பரந்த முகம் வினையில் மந்தமானது. அதன் விளிம்பே சுறுசுறுப்பானது. டீசலில் கந்தகம் நீக்கும் வினையூக்கியிலும் பணிசெய்வது விளிம்பே. ஒரு தாளைக் கிழிக்கக் கிழிக்க அதன் ஓரங்கள் பெருகுவதுபோல், கனியைத் துகளாக்கத் துகளாக்க விளிம்புகள் பெருகுகின்றன. கனியின் எடை கூடவில்லை, பயன் கூடியது.

இதில் நாட்டுக்கு ஒரு படிப்பினை உண்டு. குறைந்த இருப்புள்ள நாடு, கனியை டன்னால் அளந்து விற்கும் நாடுகளோடு போட்டியிட இயலாது. கிராமால் அளந்து பயன்படுத்தும் துறையிலோ முன்னணியில் நிற்க இயலும். இதற்கு வரிசைமுறை ஒன்று வேண்டும். முதலாவதாக, ஏற்கெனவே கையில் உள்ளதைக் கைவிடாதிருத்தல். சுத்திகரிப்பு ஆலைகளில் ஆற்றல் இழந்த வினையூக்கிகளில் மாலிப்டினம் அப்படியே இருக்கிறது; அதனை அபாயக் கழிவென்று ஒதுக்காமல் இந்நாட்டிலேயே மீட்க வேண்டும். இரண்டாவதாக, செம்புக்காக எப்படியும் அரைக்கப்படும் மலாஞ்ச்கண்ட் பாறையிலிருந்து இதனைத் துணைப்பொருளாகப் பிரித்தல். மாலிப்டினைட் நீரை விலக்கி எண்ணெயை ஏற்கும் இயல்புடையதாதலால், நுரையில் மிதக்கவைத்து இதனைத் தனியாக்கலாம். ஜார்க்கண்டில் ஜாதுகுடா யுரேனியக் கனியிலிருந்து இது துணைப்பொருளாக முன்பு எடுக்கப்பட்டதுண்டு. ஆகவே இம்முறை இந்நாட்டுக்குப் புதியதன்று. மூன்றாவதாகவே அரூர் நரம்புகளைத் தொட வேண்டும். அதுவும் கழிவுக்கும் தண்ணீருக்கும் வழி கண்ட பிறகு.

2025 ஜனவரியில் மத்திய அமைச்சரவை இசைவளித்த தேசிய முக்கியக் கனிப்பொருள் இயக்கம், கழிவிலிருந்து மீட்பதையும் தன் நோக்கங்களுள் ஒன்றாகக் கொண்டுள்ளது. வரவேற்கத்தக்கதே. ஆனால் கனியைத் தேடும் நிலவியலாரும், வினையூக்கியை வாங்கும் ஆலையாரும், வித்துராவைப்போன்ற ஆராய்ச்சிக்கூடத்தாரும் தனித்தனியே இயங்கும்வரை, ஒருவர் கழிவென எறிவது மற்றவருக்கு மூலப்பொருள் என்பது எவருக்கும் தெரியவராது. இம்மூவரையும் ஒரே திட்டத்தில் பிணைப்பதற்குச் சுரங்கம் தோண்டுவதைவிடக் குறைந்த செலவே ஆகும்.

ஷீலேயின் காலம்வரை மக்கள் இக்கனியைக் கையில் வைத்துக்கொண்டே அதன் இயல்பை அறியாதிருந்தனர். குறை கனியில் இல்லை, ஆராய்ச்சியில் இருந்தது. இன்று அதன் இயல்பு ஐயமற விளங்கிவிட்டது. இருப்பது சிறிதாயினும் அதனை ஒரு கிராமும் வீணாகாமல் பயன்கொள்ளும் திட்டமே இனி வேண்டுவது.