ஒட்டுத் தெரியாத வளைவு யார் செய்தது?

கம்ப்யூட்டரில் வளைவு வரைவது ரொம்பச் சுலபம். மவுஸை இழுத்தால் தகடு வளைகிறது. ஒட்டு இல்லை, ஆணி இல்லை, வெல்டிங் தழும்பு இல்லை. அதைப் பார்த்துவிட்டு, "இப்பல்லாம் எல்லாத்தையும் மெஷினே செஞ்சுடும்" என்று சொல்லிக்கொண்டு திரிகிறோம். என் கட்சி வேறு. ஒட்டே தெரியாத வளைவு பெரும்பாலும் கை உழைப்பு. அந்தக் கையைக் கணக்கில் சேர்க்காமல் அதைக் கேட்பது நியாயமில்லை.

முதலில் கொஞ்சம் ஜியோமெட்ரி (பயப்பட வேண்டாம்!). ஒரு தோசையைச் சுருட்டலாம், கூம்பாகவும் நிறுத்தலாம், மடிப்பு விழாது. அதையே தேங்காய் மேல் போர்த்திப் பாருங்கள். ஓரமெல்லாம் சுருங்கும், இல்லையென்றால் கிழியும். உலோகத் தகடும் அப்படித்தான். ஒரே திசையில் வளைக்க, உருளைகளுக்கு நடுவே விட்டு எடுத்தால் போதும். இரண்டு திசையிலும் வளைய வேண்டுமென்றால் சில இடங்களில் நீள வேண்டும், சில இடங்களில் சுருங்க வேண்டும். பித்தளைக் குடத்தின் வயிற்றைச் சுத்தியலால் தட்டித் தட்டி எடுப்பது இதற்காகத்தான்.

இனி சிகாகோவுக்குப் போவோம். அங்கே மில்லேனியம் பார்க்கில் அனிஷ் கபூரின் 'கிளவுட் கேட்' இருக்கிறது. ஊர்க்காரர்கள் அதை 'பீன்', அதாவது அவரைக்கொட்டை என்கிறார்கள். 20 மீட்டர் நீளம், 10 மீட்டர் உயரம், சுமார் 100 டன் எடை. பாதரசத் துளி மாதிரி ஒரே வார்ப்பாகத் தெரியும். ஆனால் அது 168 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடுகளின் கூட்டு.

தகடுகளை அளவாக வளைத்ததில் கம்ப்யூட்டருக்குப் பெரிய பங்கு உண்டு, மறுக்கவில்லை. அதற்குப் பிறகுதான் நிஜமான வேலையே. வெல்டிங் சூட்டில் தகடு கோணும். மேற்பரப்போ கண்ணாடி. துளி பள்ளம் இருந்தாலும் எதிரே உள்ள கட்டடம் நெளிந்து தெரியும். 2004-இல் பார்க் திறந்தபோது சிலை முடியவில்லை. ஒட்டுக் கோடுகளோடுதான் மக்கள் பார்த்தார்கள். 2005-இல் கூடாரம் போட்டு மூடி, முரட்டுத் தேய்ப்பில் தொடங்கிப் படிப்படியாகக் கண்ணாடி பாலிஷ் வரை, தொழிலாளர்கள் தேய்த்துத் தேய்த்தே அந்தக் கோடுகளை அழித்தார்கள். 2006 மே மாதம்தான் முறைப்படி அர்ப்பணித்தார்கள். 6 மில்லியன் டாலர் என்று போட்ட மதிப்பீடு 23 மில்லியனில் போய் நின்றது.

அதே பார்க்கில் ஃபிராங்க் கெரியின் இசை அரங்கமும் இருக்கிறது. அதுவும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வளைவுதான். ஆனால் தகடுகள் சேரும் கோடுகளை அவர் மறைக்கவில்லை. அதனால் அழகு ஒன்றும் குறைந்துவிடவில்லை.

அப்படியானால் பீன் வீண் செலவா? இல்லை. வானமும் மேகமும் அதன் மேல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். நடுவே ஒரு கோடு வந்தால் சிலையே செத்துவிடும். அங்கே ஒட்டை மறைக்கக் காரணம் இருக்கிறது. ஹோட்டல் வரவேற்பறைத் தூணுக்கும், கடை முகப்புக்கும், கல்லூரி ப்ராஜெக்டுக்கும் என்ன காரணம்? படத்தில் அப்படி இருந்தது, அவ்வளவுதான். படத்தில் செலவில்லாமல் வந்த வழவழப்பு, பட்டறையில் ஒருவரின் தோள்வலியாகவும் மூக்கில் ஏறும் உலோகத் தூசியாகவும் மாறுகிறது. அவருக்கு நாம் கொடுக்கும் கெடுவோ ஒரு வாரம்!

என்னைக் கேட்டால், ஒட்டு தெரியட்டும் என்பதுதான் பொது விதியாக இருக்க வேண்டும். மறைத்தே தீரவேண்டுமென்றால் வரைபவர் மூன்று வேலை செய்யட்டும்: தேய்ப்புக்கு எத்தனை நாள் என்று பட்டறையில் கேட்டு எழுதட்டும், அதற்கான கூலியை மதிப்பீட்டில் சேர்க்கட்டும், தேய்த்தவர்களின் பெயரையும் தன் பெயரோடு போடட்டும். கூடாரத்துக்குள் மாதக்கணக்கில் தேய்த்தவர்களில் ஒருவர் பெயராவது நமக்குத் தெரியுமா?